பக்கெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர்

அந்த ஓட்டுநர் பள்ளியில் அவளைப் பிரேக் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடப்பக்க இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதற்றத்தில் மதில் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது, அவள் அலட்டிக்கொள்ளாமல் காலை அழுத்துவாள். வண்டி நிற்கும். சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சமிருக்கும். பத்தொன்பது வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. இதுவரை வண்டியில் ஒரு கீறல் கூட விழுந்ததில்லை.

அவளிடம் படித்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு பொறுமை என்பது. கியரைத் தப்பாகப் போட்டுவிட்டு ஆயிரம் சாக்கு சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார், நடுவில் குறுக்கிட மாட்டார், புன்னகையோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பார்கள். அதில் பாதிப் பெருமை அவளுடைய வலக்காதைச் சேரும். ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பிப் படுத்தவள் எழுந்தபோது அந்தக் காது போயிருந்தது. அதற்கப்புறம் அதில் ஒரு சத்தமும் ஏறவில்லை. பயிற்சி வண்டியில் மாணவர் உட்காருவதோ அவளுக்கு வலப்பக்கம். என்ஜின் இரைச்சலில் அவர்கள் முணுமுணுக்கும் சாக்குகள் எதுவும் அவள்வரை வந்து சேருவதேயில்லை.

காது இல்லாத பக்கத்தை அவள் கண்ணால் சமாளித்தாள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, உள்கண்ணாடி, அவளுக்கென்று தனியாக ஒட்டிய சின்னக் கண்ணாடி, எல்லாவற்றிலும் அவள் பார்வை ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே போனாலும் வரிசையின் வலது ஓரத்து நாற்காலியைப் பிடித்துவிடுவாள். மற்றவர்கள் தாமாகவே இடப்பக்கம் அமைந்துவிடுவார்கள். பேசுகிறவரின் உதடு, கண், எதிரில் இருப்பவரின் முகம், இவற்றை வைத்து விஷயம் என்ன என்று முக்கால்வாசி பிடித்துவிடுவாள். மிச்சத்துக்கு இருக்கவே இருக்கிறது, தலையாட்டுவதும் சிரிப்பதும்.

பிறந்த வீட்டைத் தவிர இந்தக் காது விவகாரம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. பேச்சு மெதுவாகத்தான் வரும், பக்கத்தில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று பயந்தவர் போல. பெண் பார்க்க வந்த அன்றே அவரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டாள். உங்க வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம், பரிதாபப்படுவார்கள், எனக்கு அது பிடிக்காது என்றும் சொன்னாள். அவர் சரி என்றார். இருபத்து மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாத மருமகளைப் பார்த்து அவர் அம்மா, இவளுக்குத் தலைக்கனம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோதும் அவர் மூக்குக் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் நாத்தனார் ஒரு வி.ஆர். கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

நாத்தனார் என்றால் அவள் கணவரின் ஒரே தங்கை. வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். நாற்பதைத் தாண்டியும் அதே பெயர்தான். சரக்கு ரயில் ஓட்டுகிறாள். ஊர் வேறு, வேலை நேரம் வேறு, வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, தலையில் மாட்டினால் சுற்றிலும் வேறோர் உலகம் தெரிகிற அந்தப் பழைய வி.ஆர். கண்ணாடியையும் அதை இணைக்கிற கம்ப்யூட்டரையும் அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். இதை மாட்டிக்கொண்டால் அவள் அங்கிருந்தபடியும் அண்ணி இங்கிருந்தபடியும் ஒரே இடத்தில் நிற்கலாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோறும் சந்திக்கலாம் என்பது அவள் திட்டம். அண்ணன் அந்தக் கண்ணாடிக்குள் பொருந்தும்படி மனைவியின் பவருக்கு இரண்டு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தார்.

விளையாட்டு இதுதான். மலை உச்சியில் ஒரு கோட்டை. மதில்மேல் இரண்டு காவல்காரிகள், கையில் வில். நாலாபுறமிருந்தும் ஓநாய்களும் கொள்ளைக்காரர்களும் ஏறி வருவார்கள். அவர்கள் மதிலைத் தொடுவதற்குள் அம்பு விட வேண்டும். ஒரு வாசலைக் காப்பாற்றினால் அடுத்த வாசல். மொத்தம் பன்னிரண்டு.

முதல் நாள் மாட்டிக்கொண்டபோது பிரேக் அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றாள். கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் அருவி, பக்கத்தில் இரும்புக் கவசம் போட்ட நாத்தனார். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. அதுவரை செல்போனில் சீட்டு விளையாடியதோடு சரி. அடுத்த ஞாயிறு வருவதற்கு அவள் புதன்கிழமையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள். குறி பார்ப்பதில் கெட்டிக்காரி என்று நாத்தனாரே மெச்சினாள். ஆனால் ஒரு குறை. அந்தக் கோட்டையில் கண்ணாடிகள் இல்லை. பின்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்க எதுவும் இல்லை. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். வலப்பக்கம் வருகிற ஓநாய்களை நாத்தனார்தான் கூவிக் கூவிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாசலோடு நாத்தனாரின் தொண்டை கட்டிவிட்டது. கண்ணாடியின் பட்டையில் இருக்கிற பொட்டு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டை விளையாட முடியாது, நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், தனக்கு அதில் ஓநாய் மூச்சு விடுவதுகூட எந்தப் பக்கம் என்று தெரிகிறது என்றாள்.

அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் கடைக்குப் போனார்கள். ஒலிச்சாதனங்கள் மட்டும் விற்கிற கடை. சுவர் முழுக்கக் கறுப்புப் பெட்டிகள். விற்பனையாளர் நல்ல மனிதர், தன் சரக்கை நேசிப்பவர். வி.ஆருக்கு என்றதும், இரண்டு வழி இருக்கிறது என்று ஆரம்பித்தார். ஒன்று ஹெட்போன். இன்னொன்று அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் வைக்கிற செட். ஸ்பீக்கரில் சத்தம் அறையை நிறைக்கும், காதுக்குப் பாரம் இல்லை, வியர்க்காது. ஆனால் அது வைத்த இடத்தில் இருக்கும். நீங்கள் வலப்பக்கம் திரும்பினால் விளையாட்டும் சத்தத்தைத் திருப்பும், ஸ்பீக்கரோ திரும்பாது. எதிரில் நிற்கிற ஓநாய் இடப்பக்கம் உறுமும். ஹெட்போன் உங்கள் தலையோடு சேர்ந்து திரும்பும், அதனால் குழப்பமே வராது. பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இல்லை. இப்படி அவர் விளக்கிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை என்ற இடத்தில் கணவர் பெரிதாகத் தலையசைத்தார். நடுக்கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் அவர்.

விற்பனையாளர் விலையுயர்ந்த ஒரு ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டினார். கையில் ஒரு பலகைக் கணினி, திரை அவர் பக்கம். அதில் ஒரு தேனீ தலையைச் சுற்றிப் பறப்பது படமாக ஓடும், அதன் சத்தம் மாட்டியிருப்பவர் காதில் கேட்கும். தேனீ இப்போது எங்கே என்று அவர் கேட்க, அவள் சொல்ல வேண்டும்.

இடக்காதில் தேனீ ரீங்கரித்தது. சொன்னாள். பிறகு அது சட்டென்று காணாமல் போனது. சுவிட்சை அணைத்ததுபோல ஒரு நிசப்தம். அவள் பழக்கதோஷத்தில் விற்பனையாளரின் கண்ணைப் பார்த்தாள். அவர் கண் பலகையில் தேனீயின் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. "வலப்பக்கம்," என்றாள். கண் கீழே இறங்கியது. "இப்ப பின்னாடி போகுது." கண் மறுபடி நகர்ந்தது. "இப்ப இந்தப் பக்கம் வந்திடுச்சு." எட்டுக்கு எட்டு. இவ்வளவு நுட்பமான காது கொண்ட வாடிக்கையாளரைத் தான் பார்த்ததில்லை என்றார் விற்பனையாளர்.

அவள் கணவர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மருத்துவர்களால் முடியாததை இந்தக் கருவி எப்படியோ சாதித்துவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம். கண்ணோரம் லேசாகக் கசிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவளுக்கு உண்மையைச் சொல்ல நா எழவில்லை. ஹெட்போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வண்டவாளம் வெளியே வந்தது. பட்டையில் இருந்த பொட்டு ஸ்பீக்கரில் வலப்பக்கச் சத்தம் கொஞ்சமாவது கசிந்து இடக்காதுக்கு வந்துகொண்டிருந்தது. ஹெட்போனில் அதற்கும் வழியில்லை. வலப்பக்கத்தில் வருவதெல்லாம் கேட்காத காதுக்குள் பத்திரமாகப் போய் முடிந்தது. உலகத்தில் பாதியை யாரோ திருடிக்கொண்டு போன மாதிரி இருந்தது அவளுக்கு. ஐந்தாவது வாசல் மூன்று நிமிடத்தில் விழுந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டு நிமிடத்தில் விழுந்தது.

நாத்தனாருக்குப் புரியவில்லை. நல்ல ஹெட்போன் வாங்கியபிறகு ஆட்டம் இன்னும் மோசமாகிறதே என்றாள். மூன்றாவது ஞாயிறு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணி, உங்க வலப்பக்கம் ஒரு கூட்டமே ஊளையிட்டுகிட்டு வருது. கேக்கலையா?"

"கேக்கல."

"சத்தத்தைக் கூட்டி வைங்க."

"கூட்டினாலும் கேக்காது குட்டி. எனக்கு வலக்காது கேக்காது. ஆறு வயசுலேருந்து."

சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டியில் பிரேக்கை அழுத்துவதுபோல, யோசிக்கும் முன்பே நடந்துவிட்டது. ஓநாய்கள் மதிலேறி வந்தன. இரண்டு காவல்காரிகளும் வில்லைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். கோட்டை விழுந்தது.

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். "அப்போ அந்த பஸ்ல?"

எந்த பஸ் என்று அண்ணிக்கு நினைவில்லை. நாத்தனாருக்கு நினைவிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு எல்லோரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரம் நாத்தனார், அவளுக்கு இடப்பக்கம் புதிதாக வந்த அண்ணி. வீட்டில் யாருக்கும் தெரியாமல் ரயில் ஓட்டுகிற வேலைக்கு மனு போட்டிருப்பதாகவும், அழைப்பு வந்துவிட்டதாகவும், போகட்டுமா வேண்டாமா என்றும் அவள் அண்ணி காதோடு குனிந்து கேட்டாள். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்தாள், தலையை ஆட்டினாள், கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்த ஒரு தலையாட்டலை நம்பி அவள் மறுவாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அப்பா ஆறு மாதம் பேசவில்லை. அவள் அசையவில்லை. எங்கள் அண்ணி போகச் சொல்லிவிட்டார் என்ற தைரியம்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. முதல் சம்பளத்தில் அந்தப் பெண் அண்ணிக்கு மட்டும் கைக்கடிகாரம் வாங்கி வந்தது, ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் போனில், எல்லாம் நீங்க அன்னிக்கு சொன்னதுதான் அண்ணி என்று சொன்னது. என்ன சொன்னோம் என்று தெரியாமலே ஒவ்வொரு முறையும் அவள் சிரித்து வைத்திருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல குட்டி," என்றாள். "நீ என் முகத்தையே பார்த்துகிட்டிருந்தே. தலையாட்டினா போதும்னு தோணுச்சு. பாதி நாள் அப்படித்தான் ஓட்டியிருக்கேன்."

நாத்தனார் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. கோட்டை மதிலில் பிரேக் அக்கா தனியாக நின்று அருவியைப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கணவரிடம் தேனீ விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, தேனீ போனால் போகட்டும் என்றார். தங்கைக்குப் போன் செய்து பார்த்தார். வேலையில் இருப்பதாகப் பதில் வந்தது. வகுப்பில் ஒருநாள் மாணவர் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனார், பிரேக் அரை நொடி தாமதமாக விழுந்தது. பள்ளி நடத்துபவர், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் நாத்தனார், வேலைக்குக் கொண்டுபோகிற பெரிய பையோடு. உள்ளே வந்ததும் அண்ணனைப் பார்த்து, உனக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம் அண்ணிக்கு இடப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

கோபம் தலையாட்டலுக்காக இல்லை என்றாள். இத்தனை வருடமாக எத்தனை தடவை வலப்பக்கம் உட்கார்ந்து எதையெதையோ கொட்டியிருக்கிறேன், அதில் எது சேர்ந்தது எது சேரவில்லை என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றாள். வேலையில் சேர்ந்த நாளில் மேடையில் ஏறி, என்னைப் போகச் சொன்னவர் என் அண்ணி ஒருவர்தான் என்று மைக்கில் பேசியிருக்கிறாளாம்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும்," என்றாள். "அன்னிக்கு நான் சொன்னது கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அண்ணி யோசித்தாள். பொய் சொல்லலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்த மாதம் உண்மை பேசுவது அவளுக்குப் பழகிக்கொண்டு வந்தது.

"போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன். ரயில் ஓட்டறதா, பொண்ணு தனியா எங்கேயோ கிடந்து அல்லாடணுமான்னு பயந்திருப்பேன். உங்கம்மாகிட்டயும் போட்டுக் கொடுத்திருப்பேன்."

நாத்தனார் அவளையே பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சோபாவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நல்லவேளை அண்ணி, இந்தப் பக்கம் உக்காரலை நான்," என்று அண்ணியின் இடக்காதைத் தொட்டுக் காட்டினாள். அண்ணிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்த அண்ணன் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்து அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். ஹெட்போனை மேஜையில் வைத்து, பிரேக் அக்கா விற்பனையாளரிடம் நேராகச் சொன்னாள், எனக்கு வலக்காது கேட்காது, அன்று உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் தேனீயைச் சொன்னேன் என்று. முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. விற்பனையாளர் பரிதாபமெல்லாம் படவில்லை. என் கண் அவ்வளவு ஓடுகிறதா என்று வெட்கப்பட்டார். பிறகு தொழில்காரராக யோசித்தார். ஹெட்போனிலேயே இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே காதில் விட வழி இருக்கிறது, எல்லாம் கேட்கும், ஆனால் எங்கிருந்து என்று தெரியாது. ஸ்பீக்கரிலும் எல்லாம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியுமா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது. திரும்பினால் குழம்பும் என்ற சிக்கலும் இருக்கிறது. அதற்கு நாத்தனார் ஒரு வழி சொன்னாள். நின்று திரும்பினால்தானே குழம்பும், நாற்காலியில் நேராக உட்கார்ந்து கைப்பிடியில் இருக்கிற பொத்தானால் பார்வையைத் திருப்பினால் ஸ்பீக்கர் சரியாகத்தான் பேசும். உட்கார்ந்துகொண்டு நாலு பக்கமும் கவனிப்பது அண்ணிக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம் என்றும் சேர்த்துக்கொண்டாள். முப்பது நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் ஸ்பீக்கர் செட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

கூடம் சின்னது. ஐந்து ஸ்பீக்கரும், தரையில் வைத்து அதிர விடுகிற கனமான பெட்டி ஒன்றும். கணவர் அந்தக் கனமான பெட்டியை மட்டும் பிரிக்கவே விடாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கீழ்வீட்டில் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதம் இது என்றார். மிச்சத்தை நாத்தனார் வயர் இழுத்துப் பொருத்தினாள். தாங்கிகள் இரண்டுதான் வந்திருந்தன. முன்பக்க வலது ஸ்பீக்கரை வைக்க இடமில்லாமல், சமையலறை வாசலை ஒட்டியிருந்த எவர்சில்வர் தட்டு அலமாரியின் மேல் தற்காலிகமாக ஏற்றி வைத்தார்கள்.

முதல் ஆட்டம் ஏமாற்றமாக இருந்தது. விற்பனையாளர் பயந்தபடியே, எல்லாம் கேட்டது, எங்கிருந்து என்று ஒன்றும் புரியவில்லை. ஓநாய் ஊளை அறை முழுக்க நிறைந்து நின்றது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். நாத்தனார் தன் மடிக்கணினியில் அவளோடு ஆடிக்கொண்டே, இன்னும் ஒரே ஒரு தடவை என்றாள். அந்த ஒரு தடவையில்தான் அது நடந்தது. ஊளையோடு சேர்ந்து எங்கோ கிணுகிணுவென்று தட்டுகள் நடுங்கின. தன் வீட்டுத் தட்டுச் சத்தம் தெரியாதா அவளுக்கு. அலமாரி வலப்பக்கம். யோசிக்காமல் பார்வையை வலப்பக்கம் திருப்பி அம்பு விட்டாள். ஓநாய் மதிலிலிருந்து உருண்டு விழுந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி அலமாரியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்து குளியலறைக்குப் போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டோடு வந்தாள். பின்பக்க வலது ஸ்பீக்கரைத் தூக்கி அதற்குள் இறக்கினாள். அதில் வந்த ஊளை தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கும்மென்று முழங்கியது. பின்பக்க இடது ஸ்பீக்கரைத் தலையணைக்குப் பின்னால் வைத்தாள். அது மந்தமாக, சளி பிடித்தவன் போலப் பேசியது. நேர் எதிரில் ஒன்று, முன்இடத்தில் ஒன்று, அந்த இரண்டையும் அப்படியே விட்டாள். இப்போது ஒவ்வொரு மூலைக்கும் ஒரு குரல் வந்துவிட்டது. தட்டு என்றால் முன்வலம். பக்கெட் என்றால் பின்வலம். சளி என்றால் பின்இடம். இரண்டு காது இருப்பவர்கள் எங்கிருந்து என்று கேட்கிறார்கள், அவள் யார் என்று கேட்டாள். வண்டிகளை அவள் அப்படித்தான் அறிவாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வருவது லாரியா தண்ணீர் வண்டியா என்று சொல்லிவிடுவாள்.

அன்று சாயங்காலம் ஐந்தாவது வாசல் நின்றது. ஆறாவதும் நின்றது. ஏழாவது வாசலில் பக்கெட்டும் தட்டும் ஒரே நேரத்தில் முழங்க, அவள் முதலில் பக்கெட்டை அடித்துவிட்டுப் பிறகு தட்டைக் கவனித்தாள். கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நின்று பார்த்தார். தனக்கும் ஒருமுறை தரச் சொல்லி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரை நிமிடத்தில் கழற்றி, நல்ல காது இருக்கிறவனுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, ஓநாய் ஏன் குளியலறையில் இருக்கிறது என்றார்.

விற்பனையாளர் ஒருநாள் போன் செய்து செட் எப்படி என்று விசாரித்தார். பிரேக் அக்கா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். அந்த ஸ்பீக்கரை வடிவமைத்தவர்களிடம் இதைத் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்றார் கடைசியில்.

பள்ளியில் இப்போது புதிதாக யார் வந்தாலும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறாள், இந்தப் பக்கம் எனக்குக் காது கேட்காது, பேசினால் சத்தமாகப் பேசுங்கள் என்று. அதில் ஒரு நஷ்டம் உண்டு. சத்தமாகச் சொல்லப்படுகிற சாக்குகள் எல்லாம் இப்போது வந்து சேர்ந்துவிடுகின்றன. பொறுமைசாலி என்ற பெயருக்குக் கொஞ்சம் சேதாரம்தான். மாமியாரிடம் நாத்தனாரே போனில் விஷயத்தைச் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சரி, காது போனது வாஸ்தவம், ஆனால் தலைக்கனமும் இருக்கத்தான் செய்கிறது என்று தீர்ப்பு சொன்னாராம்.

கீழ்வீட்டு ஆசிரியர் இரண்டாவது வாரமே மேலே வந்துவிட்டார். சண்டைக்கு வந்தவரைக் கணவர் உட்கார வைத்து மெல்லிய குரலில் சமாதானம் பேசினார். ஞாயிறு நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை மட்டும், பரீட்சைத் தாள் இருக்கிற வாரம் ஓநாய்க்கு லீவு என்று முடிவாயிற்று. அவர் போகும்போது, இது என்ன விளையாட்டு என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். பிரேக் அக்கா வாசல்களைப் பற்றியும் தன் காதைப் பற்றியும் சொன்னாள்.

போன திங்கட்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது ஆசிரியர் தன் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒதுங்கி வழிவிட்டார். அவளுடைய எந்தப் பக்கம் நின்று பேச வேண்டும் என்று ஒரு கணம் தடுமாறி, சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

"நேத்து பத்தாவது வாசல்தானே?" என்றார். "கடைசியில ஏதோ பெருசா இடிஞ்ச மாதிரி இருந்துச்சு. நம்ம கோட்டையா, அவங்களுதா?"

"அவங்க ஏணி சார்," என்றாள் அவள்.

ஆசிரியர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவளுக்கு எட்டு மணி வகுப்பு. வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே அவள் எதிர்த்திசையில் வேகமாக நடந்தாள்.